யாருக்கும் உரியதல்லாத பள்ளம்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பொய் எழுத வரவில்லை. நான் நலம், உன் அப்பாவின் வலது கால் நலமில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே, குட்டிக்குச் சளி விட்டுவிட்டதா.

வாசலில் இருந்த பள்ளத்தில் அப்பா விழுந்து நாலு மாதம் ஆகிறது. தையல் மிஷினை மிதிக்க இன்னும் கால் எழவில்லை. தைக்கக் கொடுத்த துணியைத் திரும்ப வாங்க யாராவது வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். போனில் நீ, விட்டுத் தொலைம்மா என்றாய். விட மாட்டேன். பள்ளத்தை மூடச் சொல்லி நகராட்சிக்கு எழுதினேன், அது மாநில நெடுஞ்சாலைத் துறையின் இடம் என்றார்கள். அவர்களுக்கு எழுதினேன், தோண்டியது மத்திய அரசின் குடிநீர்த் திட்டம் என்றார்கள். திட்டத்துக்காரர்களோ குழாய்தான் எங்களுடையது, மேலே உள்ள மண் நகராட்சியுடையது என்றார்கள். மூன்று கடிதத்திலும் ஒரே வரி, மேற்படி இடம் இவ்வலுவலகத்திற்கு உரியதல்ல. கீழே முத்திரை வேறு.

அந்த வரியைப் படித்துப் படித்து ஒருநாள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாருக்கும் உரியதல்ல என்றால் எனக்குத்தான் என்று பள்ளத்தைச் சுற்றிக் கம்பி கட்டி, இது தையல்காரர் வீட்டுச் சொந்த இடம் என்று பலகை மாட்டினேன். பாதித் தெரு அடைபட்டது. மறுநாள் பத்து மணிக்குள் மூன்று அலுவலக ஜீப்பும் வந்து நின்றன. இது எங்க இடம்மா என்று நகராட்சிப் பொறியாளர் குதிக்கிறார், இல்ல எங்களுது என்று மற்ற இருவரும் குதிக்கிறார்கள். நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்து, வாயால சொன்னா எனக்கு எப்படிங்க தெரியும், எழுதிக் குடுங்க, இப்பவே பிடுங்கிடறேன் என்றேன். அவசரத்தில் மூவரும் ஒரே தாளில், திட்டம் தொடங்கிய நாளிலிருந்து இவ்விடம் எங்கள் கூட்டுப் பொறுப்பில் உள்ளது என்று எழுதி வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஒருவர் மண், ஒருவர் ஜல்லி, ஒருவர் தார் என்று கொண்டுவந்து பள்ளத்தையும் மூடிவிட்டார்கள். ஒரு மனிதரின் கால் போனபோது சேராதவர்கள் ஒரு பலகையைப் பிடுங்கச் சேர்ந்தார்கள் பார், அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

மூடியாச்சே, போதும் என்கிறார் அப்பா. எனக்குப் போதாது. அந்தத் தாளை வைத்து மூவர் மேலும் வழக்குப் போட்டுவிட்டேன்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், குட்டிக்கு என் முத்தம். ஒன்றை மறக்காதே, அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி அப்பா சாட்சி சொல்ல வேண்டும், லீவு போட்டு வந்துவிடு. நீதிமன்றம் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மாப்பிள்ளை தூக்கிக்கொண்டு ஏறிவிடுவார் என்று நீ ஆரம்பிக்காதே. அப்பாவை மேலே ஏற்றுவது யார் பொறுப்பு என்று மூன்று அலுவலகத்துக்கும் எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வரும்வரை படிக்கட்டுக்குக் கீழேயே உட்கார்ந்திருப்போம், நீதிபதி இறங்கிவந்து பார்க்கட்டும்.

இப்படிக்கு,
கோபம் தணியாத உன் அம்மா