ஏற்றத்தில் நின்ற வைப்பர்

இயேசு மரி சூசை துணை

திண்டுக்கல்
18-11-1958

என் மதிப்புக்கும் அன்புக்கும் உரிய உங்களுக்கு, சவேரியம்மாள் கும்பிட்டு எழுதிக்கொண்டது.

மாதா புண்ணியத்தில் எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. பம்பாய்ச் சாப்பாடு உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா, தோல் கிடங்கு நாற்றத்தில் அந்த இருமல் இன்னும் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். கார்டு முழுக்க இடம் இருந்தது. நீங்கள் எழுதியது ஒரே வரி. “வண்டியைத் தம்பி சொல்லுகிற ஆளுக்கே கொடுத்துவிடு.” அதையே திருப்பித் திருப்பிப் படித்தேன். அதற்குப் பின்னால் வேறு ஏதும் எழுதியிருக்கிறதா என்று வெளிச்சத்தில்கூடப் பிடித்துப் பார்த்தேன்.

இங்கே நல்ல மழை. கிணறு கைக்கு எட்டுகிற மாதிரி நிற்கிறது. குடித்துத் தீர்க்கத்தான் ஆள் இல்லை. அரிசி இப்போதும் இரண்டு பேருக்கு அளந்துவிட்டுப் பாதியைத் திரும்பக் கொட்டுகிறேன். சாயங்காலச் செபமாலையில் நீங்கள் முன்பாதி சொல்ல நான் பின்பாதி சொல்வேன் இல்லையா, இப்போது இரண்டு பாதியும் நானே சொல்கிறேன். முதலில் வாய் தடுமாறியது. இப்போது பழகிவிட்டது. பழகிவிட்டதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

உங்கள் தம்பி பாக்கியராஜ், ஒட்டன்சத்திரத்துக் காய்கறி வியாபாரி ஒருவரை அழைத்து வந்திருந்தார். அந்த மனுஷர் வண்டியைச் சுற்றி வந்து, “ஆளடிச்ச வண்டிதானுங்களே, பாத்துச் சொல்லுங்க” என்றார். எனக்குச் சுருக்கென்றது. வண்டி போவதென்றால் போகட்டும், போவதற்கு முன் ஒருதரம் மலைமேல் ஊத்து கிராமத்துக்குப் போய் வீரனைப் பார்த்துவிட்டு வந்து சாவியைக் கொடுக்கிறேன் என்று சொன்னேன். போன வருஷம் ஐப்பசி மழையில், மலை ஏற்றத்தில் நம் வண்டியில் அடிபட்டுக் கால் போன மனுஷன். நீங்கள் போன நாளாய் நான் பஸ்ஸில் போய்ப் பார்த்து வருவது உங்களுக்குத் தெரியாது. இந்தத் தடவை அரிசி மூட்டையும் கம்பளியும் இருந்தன. அடுத்த தெரு லாரி டிரைவர் சோலைமுத்துவை ஓட்டச் சொன்னேன்.

நான் முன்சீட்டில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். வத்தலக்குண்டு தாண்டும்வரை வெயில். காட்ரோடு விட்டு மலை ஏறத் தொடங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. சோலைமுத்து வைப்பரைத் திருகினார். கொஞ்ச நேரம் ஓடியது. ஏற்றம் செங்குத்தாக வந்த இடத்தில் தயங்கியது, பாதிக் கண்ணாடியில் அப்படியே நின்றுவிட்டது. எதிரே மலையும் தெரியவில்லை, ரோடும் தெரியவில்லை, வெள்ளைத் துணி கட்டின மாதிரி இருந்தது.

சோலைமுத்து லாரிக்காரர் வழக்கப்படி, வைப்பர் சோர்ந்தால் ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்துகிறார். நீங்களும் அன்றைக்கு அதைத்தானே செய்திருப்பீர்கள்? அழுத்த அழுத்த அது செத்துக் கிடந்தது. பயந்து ஓரமாக நிறுத்தினார். எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. உடனே வைப்பர் ஒன்றுமே நடக்காததுபோல இடமும் வலமுமாகத் துடைக்கிறது! “ஏ தாயி, இதென்ன நம்மள வச்சு வெளையாடுது?” என்றார். மறுபடி ஏறினோம். மறுபடி நின்றது.

அப்போதுதான் எனக்குப் போலீஸ் ஸ்டேஷன் வாசல் ஞாபகம் வந்தது. வைப்பர் நின்றுவிட்டது, ஆள் வந்தது தெரியவில்லை என்று நீங்கள் சொன்னீர்கள். வண்டி பார்க்க வந்த அதிகாரி அங்கேயே எஞ்சினைப் போட்டு வைப்பரைத் திருகினார். அது அழகாக ஓடியது. “ஓடுற வைப்பர நின்னுச்சுங்கிற. கண்ணசந்துட்டேன்னு ஒத்துக்க வேண்டியதுதானய்யா” என்றார். மெக்கானிக் அப்துல் சுக்கூர் பாயும் ஓடுகிறது என்றுதான் சொன்னார். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. கடைசியில் ரயிலுக்குக் கிளம்புகிற அன்று நீங்களே, “தூங்கித்தான் போனேனோ என்னமோ, எனக்கே நெசம் தெரியல சவேரி” என்றீர்கள். அந்தப் பேச்சுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அவர்கள் பார்த்தது நிற்கிற வண்டியில். உங்களுக்கு நின்றது ஏறுகிற வண்டியில்.

சோலைமுத்துவிடம், காலைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள் என்றேன். “ஏத்தத்துல கால எடுத்தா வண்டி பின்னால போயிரும் தாயி” என்று முணுமுணுத்தார். செத்த நேரம்தான் எடுத்தார். வைப்பர் ஒரு வீச்சு வீசியது. பாதை தெரிந்தது. அழுத்தினார், நின்றது. எடுத்தார், வீசியது. இப்படியே அழுத்தியும் எடுத்தும் ஊத்துவரை போய்ச் சேர்ந்தோம்.

வீரனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தது என் அசட்டுத்தனம். கம்பை ஊன்றிக்கொண்டு கேட்டிருந்துவிட்டு, “அதுக்கு எங்காலு திரும்பவா மொளைக்கப் போகுது?” என்றார். அவர் பெண்சாதி சிவனம்மாள், “அரிசி தூக்கிட்டு மலையேறி வந்த பொம்பளகிட்ட பேசுற பேச்சா இது” என்று சத்தம் போட்டாள். கிளம்பும்போது அவரே கூப்பிட்டுச் சொன்னார்: “ஒரு வருசமாச்சு. தூங்கினாரோ முழிச்சிருந்தாரோ, ஒருதரம் வந்து எம்மூஞ்சியப் பாத்தாரா அந்த மனுசன்? வந்து பாக்கச் சொல்லுங்க.” கோபமாகத்தான் சொன்னார். ஆனாலும் வரச் சொன்னார் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

இறக்கத்தில் அதே வைப்பர் பேய் பிடித்ததுபோல் ஆடியது. நேரே பாயின் பட்டறைக்கு விடச் சொன்னேன். அவர் முதலில், “ஓடுறதுல என்னத்தம்மா ரிப்பேர் பாக்க?” என்று சிரித்தார். ஏற்றத்தில் நடந்ததைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. நம் வண்டி வைப்பர் கரண்டில் ஓடுவதில்லையாம். எஞ்சின் காற்றை உறிஞ்சுகிற இழுப்பில் ஓடுகிறதாம். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் இழுப்பு குறையும், வைப்பர் மெதுவாகும், அது இந்த மாதிரி வண்டி எல்லாவற்றுக்கும் உள்ளதுதான் என்றார். பானெட்டைத் திறந்து எஞ்சினுக்கும் வைப்பருக்கும் நடுவே போகிற ரப்பர் குழாயை விரலால் தடவிக்கொண்டே போனார். எஞ்சின் சூடு படுகிற பின்பக்கம், கண்ணுக்குத் தெரியாத அடிப்பகுதியில், நீளமாக வெடித்திருந்தது. இருக்கிற கொஞ்ச இழுப்பும் அதில் போய்விடுகிறது, அதனால்தான் அடியோடு நின்றது. “நான் அன்னைக்கு நிக்கிற வண்டியிலதாம்மா பாத்தேன்” என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

முதலில் கையில் இருந்த மெல்லிசுக் குழாயைப் போட்டார். எஞ்சினைப் போட்டதும் அது உறிஞ்சின பூசணித்தண்டு மாதிரி சப்பென்று ஒட்டிக்கொண்டது, வைப்பர் அசையவே இல்லை. பிறகு மதுரையிலிருந்து தடித்த குழாய் வந்தது. இந்தத் தடவை பட்டறையில் பார்த்தால் போதாது, மலையில்தான் பார்க்க வேண்டும் என்றேன். பாயும் கூட வந்தார். நேற்று நல்ல மழையில் ஏறினோம். ஏற்றத்தில் மெதுவாகிறது. நிற்கவில்லை. செலவை எழுதி வைத்திருக்கிறேன்.

பாக்கியராஜிடம் வண்டி இப்போது கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டேன். “அண்ணனே எழுதிட்டாரு, மறிக்க நீங்க யாரு மதினி? மெக்கானிக்கா?” என்று குதித்தார். வண்டி அவருடையது, சாவி என்னிடம் என்றேன். மனத்தாங்கலாகப் போயிருக்கிறார். பாய் அவர் வீட்டுக்கே போய், பார்த்ததைச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

உங்கள் லைசென்சை நிறுத்தி வைத்திருந்த கெடுவும் முடிந்துவிட்டது. ஓட்டுவதும் ஓட்டாததும் உங்கள் மனசு. விற்பது என்றாலும் விற்கலாம். ஆனால் அதை இந்த வீட்டு வாசலில் நின்று உங்கள் வாயால் சொல்லுங்கள். வீரனைப் பார்க்கப் போவதானால் நானும் வருகிறேன், தனியாக அந்த முகத்துக்கு எதிரே நிற்க வேண்டாம்.

அன்றைக்கு நீங்கள் விழித்துத்தான் இருந்தீர்கள். இதை நான் தேறுதலுக்காக எழுதவில்லை, முன்சீட்டில் இருந்து பார்த்து எழுதுகிறேன். அடைக்கல மாதா இன்று இரவு உங்களுக்கு நல்ல தூக்கம் கொடுக்கட்டும். இதற்குக் கார்டு போட வேண்டாம். வந்துவிடுங்கள்.

உங்கள்
சவேரியம்மாள்