உப்புப் பாறை, நான்காவது நிமிடம்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? ஆபீஸ் மெயிலில் நீ எனக்கு "மதிப்பிற்குரிய பேராசிரியருக்கு" என்று ஆரம்பிக்கிறாய். கூடப்பிறந்தவன் எழுதியதா, பல்கலைக்கழகம் அனுப்பிய சுற்றறிக்கையா என்றே தெரியவில்லை. அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து கல்லூரிகளுக்கெல்லாம் பாடம் வடிவமைத்துக் கொடுக்கிற பெரிய மனிதர், ஒரு உறையைப் பிரித்துப் படித்தால் குறைந்துபோய்விட மாட்டார்.

நீ கேட்டபடி என் பாறையியல் பாடத்தை இரண்டாகப் பிரித்துவிட்டேன். தாளின் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் "நேரில்", மறுபக்கம் "திரையில்" என்று எழுதினேன். பாறை வகைகள், உருவான விதம், வயது எல்லாம் திரைக்குப் போயின. பிள்ளைகள் வீட்டிலேயே பார்த்துவிட்டு வரட்டும். கையில் எடுத்துப் பார்ப்பது, கீறுவது, உடைப்பது எல்லாம் நேரில். எழுதி முடித்தபோதுதான், இருபது வருஷமாக வகுப்பில் பாதி நேரத்தைப் பேசியே ஓட்டியிருக்கிறேன் என்று தெரிந்தது. வெட்கமாகப் போய்விட்டது.

பன்னிரண்டு வீடியோவும் எடுத்தாயிற்று. தொண்டை கொஞ்சம் கட்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். உப்புப் பாறையை நாக்கால் தொட்டு அடையாளம் காண்கிற இடத்தில், முன்பு ஒரு மாணவன் மேசையிலிருந்த கற்களையெல்லாம் வரிசையாக நக்கிக்கொண்டே போன கதையைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அதில் மட்டும் கை வைக்காதே.

சின்னதுக்கு 21ஆம் தேதி எட்டு வயது முடிகிறது. மாமா வருவாரா என்று கேட்கிறாள்.

உன்னை இடுப்பில் சுமந்த,
அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

என் பெயருக்குத் தபால் வந்த அதிசயத்தைப் பார்க்க ஆபீஸில் மூன்று பேர் எழுந்து வந்தார்கள்.

உன் பிரிப்பு அருமை. மற்றவர்களுக்கு மாதிரியாக அதையே அனுப்பப் போகிறேன். ஆனால் வீடியோ ஒவ்வொன்றும் பதினெட்டு நிமிடம் ஓடுகிறதே! எங்கள் விதி ஏழு நிமிடம். அதற்கு மேல் போனால் பாதிப் பேர் மூடிவிடுகிறார்கள். அதனால் கத்திரி போட்டுவிட்டேன். இருமல், "என்ன சொல்ல வந்தேன்", நடுவில் விடுகிற பெருமூச்சு எல்லாம் போயிற்று. சிரிப்பும் போயிற்று. கோபப்படாதே. நீ ஆரம்பித்தால் நிறுத்தவா செய்கிறாய்? உப்புப் பாறையில் மட்டும் நாற்பத்தோரு நொடி. சிரிப்பை "நேரில்" பக்கத்தில் எழுதிக்கொள். வகுப்பில் வருஷம் முழுக்கச் சிரி, யார் வேண்டாம் என்றார்கள்?

21ஆம் தேதி வர முடியாது. பதினாறு கல்லூரிகளின் பாடங்களை மாத முடிவுக்குள் ஏற்ற வேண்டும். திரையில் வந்து வாழ்த்துகிறேன். கேக் வெட்டும்போது போனை என் பக்கம் திருப்பு.

தொண்டைக்கு வெந்நீர் குடி.

உன் வாலு,
தம்பி

ஏப்ரல் 9

கத்திரிக்கோல் தம்பிக்கு,

வீடியோக்களைப் பார்த்தேன். கச்சிதமாக இருக்கின்றன. யாரோ கெட்டிக்காரப் பெண்மணி பேசுகிற மாதிரி இருக்கிறது. எனக்கே அவள் மேல் மரியாதை வந்துவிட்டது.

இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். தொண்டைக்கட்டு இல்லையடா அது. குரல்வளையில் புற்று. 22ஆம் தேதி அறுவை சிகிச்சை. குரல்வளையை முழுசாக எடுத்துவிடுவார்கள். உயிருக்குப் பயமில்லை என்கிறார் டாக்டர், ஆனால் குரல் திரும்ப வராது. வீடியோ எடுக்கும்போதே சந்தேகம் இருந்தது. முடிவு தெரியாமல் உன்னைக் கலங்கடிக்க வேண்டாம் என்று சும்மா இருந்துவிட்டேன். போனில் சொன்னால் உடைந்துபோவேன், அதனால் எழுதுகிறேன்.

வீட்டுக்காரர் என் முன்னால் திடமாக இருக்கிறார். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறார். நேற்று, "உன் சிரிப்பு எதுலயாவது இருக்கா?" என்று கேட்டார். வீட்டு வீடியோக்களையெல்லாம் போட்டுப் பார்த்தோம். எல்லாம் நான் எடுத்தவை. "இங்க பாரு, கிட்ட நில்லு" என்பதுதான் கேட்கிறது. இப்போது சிரிக்கலாம் என்றால் வெறும் காற்றுதான் வருகிறது.

அதனால் நீ வெட்டாத பதிவை அனுப்பிவை. இருமலோடு, உளறலோடு, அப்படியே. முக்கியமாக உப்புப் பாறை. கல்லூரிக் கேமராவிலிருந்து நேராக உனக்கு ஏற்றிவிட்டதால் இங்கே பிரதி இல்லை. சின்னதுக்காகக் கேட்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 14

அக்கா,

நேற்று போனில் அழ மட்டும்தான் முடிந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே வைத்துவிட்டேன்.

வெட்டாத பதிவு இல்லை. முடிந்த பாடங்களின் மூலப் பதிவுகளை மாத முடிவில் அழித்து இடம் காலி செய்வோம். மார்ச் 31 அன்று அந்தப் பட்டியலில் கையெழுத்துப் போட்டவன் நான். உன் பாடம் அதில் இருப்பதைப் பார்த்துத்தான் போட்டேன். கணினிப் பிரிவில் மூன்று நாளாகக் கெஞ்சிப் பார்த்துவிட்டேன். மீட்க வழியில்லை என்கிறார்கள்.

வெட்டிய வீடியோக்களை நொடி நொடியாகக் கேட்டேன். உப்புப் பாறையில், நான்காவது நிமிடத்தில், வெட்டு ஒரு துளி தள்ளி விழுந்திருக்கிறது. நீ மூச்சை இழுத்துச் சிரிக்க ஆரம்பிக்கிறாய். அரை நொடி. அதைத் தனியாக எடுத்துப் பென் டிரைவில் போட்டு இதோடு வைத்திருக்கிறேன்.

கை வைக்காதே என்று நீ எழுதியிருந்தாய். அதையும் படித்துவிட்டுத்தான் வெட்டினேன். மன்னிப்புக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

தம்பி

ஜூன் 20

தம்பிக்கு,

ஆஸ்பத்திரிக்கு வந்து, என் அறை வாசல் வரை நடந்து, உள்ளே வராமல் திரும்பிவிட்டாயாமே. அவர் சொன்னார். அன்றைக்கு உன் முகத்தைப் பார்க்க எனக்கும் மனமில்லை. கோபம் இன்னும் போகவில்லை. முன்பே உன்னிடம் சொல்லாத என் மேலும் கோபம்தான்.

திங்கட்கிழமை வகுப்பு ஆரம்பித்தது. பிள்ளைகள் என் குரலை வீட்டில் கேட்டுவிட்டு வந்திருந்தார்கள். நான் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு பலகையில் எழுதினேன், கல்லைக் கையில் கொடுத்தேன். பாடம் நன்றாகவே நடந்தது. நீ இப்படி அமைத்துக் கொடுக்காவிட்டால் எனக்கு இந்த வேலையே இருந்திருக்காது, அதையும் சொல்ல வேண்டும். உப்புப் பாறையை ஒரு பெண் நாக்கால் தொட்டு முகத்தைச் சுளித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தோள்தான் குலுங்கியது.

சின்னது அந்த அரை நொடியைக் காதோடு வைத்துத் திரும்பத் திரும்பப் போடுகிறாள். நேற்று தன் அப்பாவிடம் கேட்டாள்: "அம்மா இப்பதானே சிரிக்க ஆரம்பிக்கிறாங்க, மாமா ஏன் நிறுத்திட்டாரு?" அவர் எழுந்து குளியலறைக்குப் போய்விட்டார். நான் தாளும் பேனாவும் எடுத்தேன். அவளுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

நீதான் பதில் சொல்ல வேண்டும். போனில் வேண்டாம், திரையிலும் வேண்டாம். வந்து அவள் எதிரே உட்கார்ந்து சொல். அவள் உன்னோடு பேசாமல் இருக்கலாம். உன்னைப் பார்த்ததும் நானும் எழுந்து உள்ளே போய்விடலாம். இருந்தாலும் வா.

வந்தால் மணியை அடித்துவிட்டு வாசலிலேயே நில். "இதோ வந்துட்டேன்" என்று முன்போல உள்ளேயிருந்து குரல் கொடுக்க மாட்டேன். வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்துத் திரும்பிப் போய்விடாதே.

அக்கா