மூன்று திரையில் ஒரு வானம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று மாலை தலைமை விமானி (நான்தான்) மகனுடைய அறையிலிருந்து புறப்பட்டு, ஓடுபாதையை விட்டு எழும்பி, மேகத்தைக் கிழித்து, சோளக்காட்டில் நாலாவது முறையாக விழுந்தார். உயிர்ச்சேதம் இல்லை. காபிதான் கொட்டியது.

காரணத்தை எழுதிவைக்கிறேன். கடலுக்கு அந்தப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிற அக்காவுக்கு இதய ஆபரேஷன். "நீ வந்து என் எதிர்ல நின்னாத்தான் தியேட்டருக்குள்ள போவேன்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். பதினான்காம் தேதி விமானம். என் மனைவிக்குப் பள்ளியில் பரீட்சை நேரம். தனியாகத்தான் போக வேண்டும். பஸ் கம்பெனியில் டைம் கீப்பராக இருந்தே நரைத்தவன் நான். சக்கரம் தரையில் படாத எதிலும் இதுவரை ஏறியதில்லை. மாடிப்படியிலேயே கைப்பிடியைக் கட்டிக்கொண்டு ஏறுகிற மாவீரன்.

அதனால்தான் வெளியூர் வேலைக்குப் போன மகன் விட்டுப்போன கம்ப்யூட்டரில் இந்த விமான சிமுலேட்டர். பழகினால் பயம் போகும் என்பது திட்டம். பயம் போகவில்லை. அதுவும் என்னோடு பழகிவிட்டது.

மார்ச் 5, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். கோளாறு என்னிடம் இல்லை, ஜன்னலில். ஒரே திரையில் முன்னால் இருப்பது மட்டும்தான் தெரிகிறது. பக்கவாட்டில்? மலை வரலாம். இன்னொரு விமானம் வரலாம். இறக்கை கழன்று தனியாகப் பயணம் போய்க்கொண்டிருக்கலாம். தெரியாமல் எப்படி ஒரு மனுஷன் உட்கார்ந்திருப்பான்?

மகனுடைய பழைய மானிட்டர் இடப்பக்கம். மனைவி மார்க் ஏற்றுகிற மானிட்டர் வலப்பக்கம். மூன்றும் மூன்று உயரம். அகராதி இரண்டை முட்டுக்கொடுத்தும் அடிவானம் படிக்கட்டு மாதிரி இறங்குகிறது. இருந்தாலும் எந்தச் சக்கரவர்த்தியும் இவ்வளவு வானத்தை ஒரே மேசையில் பார்த்திருக்க மாட்டான்.

மேலிடம் (மனைவி) எட்டிப் பார்த்தது. "ஏங்க, இது வீடா டிவி கடையா?"

மார்ச் 6, வெள்ளி

விமானம் நடுவானில் நின்றது.

சத்தியமாக. இறங்குகிற நேரம், ஓடுபாதை எதிரே வந்துவிட்டது — படம் அப்படியே உறைந்தது. பிறகு ஒரு குதி. மறுபடி உறைந்தது. அடுத்த குதியில் தரை என் மடியில் உட்கார்ந்திருந்தது. கம்ப்யூட்டர் பெட்டியின் ஃபேன் போட்ட கூச்சலில் தெருநாய்கள் எல்லாம் ஊரைக் காலிசெய்தன. சரி, ஒரு நாய் எழுந்து நின்றது.

நிஜத்திலும் இப்படி நின்றால்? டிப்போவில் பஸ் நின்றால் இறங்கித் தள்ளச் சொல்லுவேன். அங்கே யாரை இறங்கச் சொல்வது?

மார்ச் 8, ஞாயிறு

கம்ப்யூட்டர்காரர் வந்தார். காதில் பாட்டு, வாயில் எங்கள் வீட்டு பிஸ்கட்.

"சார், ஒரு திரைன்னா நொடிக்கு அறுபது படம் வரைஞ்சுட்டிருந்துச்சு. இப்ப மூணு பக்கத்துக்கும் தனித்தனியா வரையச் சொல்றீங்க. பதினஞ்சுக்கு வந்துருச்சு. படம் வரையற கார்டு என்ன பண்ணும் பாவம்?"

"ஏதாவது குறைச்சுப் பாருங்க."

குறைத்தார். மரங்களை வெட்டினார். நிழல்களைத் துடைத்தார். கடல் தார்ப்பாய் ஆனது, வீடுகள் தீப்பெட்டி ஆயின. ஒரு நாட்டையே மொட்டையடித்தும் இருபத்திரண்டுக்கு மேல் ஏறவில்லை.

"பக்கத்துத் திரை ரெண்டையும் கழட்டுங்க சார். அல்வா மாதிரி வழுக்கிட்டுப் போகும்."

"பக்கத்துல ஏதாச்சும் வந்தா?"

"பைலட் பாத்துக்குவாரு. நீங்க பாசஞ்சர்தானே சார்?"

இவருக்கு இரண்டாவது பிஸ்கட் கொடுத்திருக்கக் கூடாது.

மார்ச் 9, திங்கள்

கழற்ற மாட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

அக்கா மகள் போன் செய்தாள். "மாமா, அம்மாவுக்கு ரொம்ப மூச்சு வாங்குது. பதினாறுக்கு மேல தள்ள முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். வந்துருவீங்கல்ல?"

"பைலட்டைப் பின்சீட்ல தூங்கவச்சுட்டு நானே ஓட்டிட்டு வரேன், போ."

சிரித்தாள். போனை வைத்தபிறகு வரைபடத்தை விரித்தேன். ரயிலில் போக வழியுண்டா என்று தேடினேன். எப்படிப் பார்த்தாலும் நடுவில் கடல் வருகிறது.

மார்ச் 11, புதன்

மூன்று திரைக்கும் நடுவில் உட்கார்ந்தேன். இடப்பக்கம் இறக்கை முறிகிறது. வலப்பக்கம் புயல். இல்லை — திரையில் தீப்பெட்டி வீடுகள்தான். மற்றதெல்லாம் என் தலைக்குள். இப்போது இன்னொரு படமும் சேர்ந்துகொண்டது. அக்கா படுத்திருக்கிறாள். அக்கா எழுந்திருக்கவில்லை. நான் போய்ச் சேரும்போது அவள் மகள் வாசலிலேயே நின்று —

எழுத வேண்டாம்.

காய்ச்சல்னு சொல்லிடலாமா? டாக்டர் போகக் கூடாதுன்னு சொல்லிட்டார்னு? அவ கண்டுபிடிச்சிருவா. கண்டுபிடிச்சா என்ன, திட்டட்டும். திட்டறதுக்கு அவ இருக்கணுமே. எனக்கு என்ன ஆச்சு?

மார்ச் 12, வியாழன்

அக்காவே கூப்பிட்டாள். காய்ச்சல் என்று சொல்லத் தயாராகத்தான் எடுத்தேன்.

"டேய் புளுகா, உன் பொண்டாட்டி சொன்னா, எத்தனை திரைடா வச்சிருக்க?"

"மூணுக்கா. நடுவானத்துல நின்னு நின்னு போகுது."

"எனக்கும் அப்படித்தான். கட்டில்லேர்ந்து ஜன்னலுக்குப் போறதுக்குள்ள ரெண்டு தடவை நிக்கறேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. பிறகு மெதுவாக, "பயமா இருக்குடா. மக முன்னாடி காட்டிக்க முடியல. டாக்டர் எல்லாத்தையும் உள்ளது உள்ளபடி சொல்றாரு. காது குடுத்துக் கேக்க முடியல. நீ வந்து புளுகு."

காய்ச்சல் நாக்கிலேயே ஆறிப்போய்விட்டது.

"வரேன்க்கா."

மார்ச் 13, வெள்ளி

"ஏங்க, மார்க் ஏத்தணும், என் மானிட்டரக் குடுங்க" என்றாள் மேலிடம். கொடுத்தேன். இடப்பக்க மானிட்டரை நானே கழற்றினேன். கழற்றுகிறபோது பல்லைக் கடித்துக்கொண்டேன், என் பல்லையே பிடுங்குகிற மாதிரி.

ஒரே திரை. அறுபது படம். ஒரு தடங்கல் இல்லை. பக்கத்தில் என்ன இருந்ததோ, எனக்குத் தெரியாது. முதல் முறையாக ஓடுபாதையில் இறங்கினேன். சோளக்காட்டுக்காரன் பிழைத்தான்.

பயம் மட்டும் குறையவில்லை. மேலிடம் என் தோளில் கை வைத்து, "வாந்திக்கு மாத்திரை, பெட்டியில மேலாப்பல இருக்கு" என்றாள்.

மார்ச் 14, சனி

விமானத்தில். எழுத்து கோணலாக இருந்தால் குற்றம் வானத்துடையது.

ஜன்னல் சோப்புப் பெட்டி அளவு. ஒன்றே ஒன்று. இறக்கை ஆடுகிறது. ஆடத்தான் செய்யுமாம். பக்கத்து சீட்டு அம்மா சொன்னார். கிளம்பியதிலிருந்து அவர் இடது கையை விடாமல் பிடித்திருக்கிறேன். பாவம், வலது கையாலேயே சாப்பிட்டு முடித்து, வாயும் துடைத்துக்கொண்டார்.

மறுபக்க ஜன்னலைப் பார்க்கவில்லை. பார்க்கப்போவதும் இல்லை.

மார்ச் 16, திங்கள்

காலையில் அக்காவிடம் புளுக ஆரம்பித்தேன்: மேகத்தில் ஏறியபோது பஞ்சர், பைலட் ஓடிவந்து "டைம் கீப்பர் சார், நீங்கதான் காப்பாத்தணும்" என்று காலில் விழுந்தது, நான் கோட்டைக் கழற்றியது. கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் பக்கத்திலேயே நடந்துகொண்டு சொன்னேன். நான் ஸ்பேனர் கேட்கிற இடத்தில் தியேட்டர் கதவு வந்துவிட்டது.

"மிச்சத்த வந்து கேக்கறேன்டா" என்றாள்.

கதவு மூடிவிட்டது.

மதியம். இன்னும் திறக்கவில்லை.

இன்னும் இல்லை. மனசே, எதையும் வரையாதே. எதையும் வரையாதே.

மார்ச் 18, புதன்

உள்ளே விட்டார்கள். மூக்கில் குழாய். கண்ணை முழுதாகத் திறக்க முடியவில்லை அவளால். குனிந்து காதைக் கொண்டுபோனேன். குரல் என்று சொல்ல முடியாது, வெறும் காற்று.

"பஞ்சர் ஒட்டுனியா இல்லையாடா?"

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.