கீழே இரண்டு நிழல்

மார்ச் 6, வெள்ளி

குறுக்குக் காற்று. யாரையும் தனியாகப் பறக்க விடவில்லை. மாணவர்களை வகுப்பறையில் உட்கார வைத்துப் பழைய பாட்டையே பாடினேன். நம் ஓடுதளத்துக்குக் கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. வானத்தில் இருக்கும் எல்லோரும் ஒரே அலைவரிசையில் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று சொல்ல வேண்டும், மற்றவர் சொல்வதைக் கேட்டுக் கண்ணால் தேட வேண்டும், கண்ணில் பட்டால் மட்டுமே “தெரியுது” என்று பதில் சொல்ல வேண்டும்.

“தெரியலன்னா சார்?” என்று கேட்டார் நர்ஸம்மா. மருத்துவமனை வேலை இல்லாத நாட்களில் வந்து படிக்கிறவர்.

“தெரியலன்னு சொல்லுங்க. அதுல என்ன வெட்கம்?”

வகுப்பே சிரித்தது. எனக்கு அவர்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர் பருந்து. பருந்து “தெரியல” என்று சொல்லி எவரும் கேட்டதில்லை. எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

மார்ச் 7, சனி

மச்சினன் வந்திருக்கிறான். நாளை அவனை விமானத்தில் ஏற்றிக் காட்ட வேண்டுமாம். அவன் அக்காவின் உத்தரவு, அப்பீலே கிடையாது.

மார்ச் 8, ஞாயிறு

இன்று எழுத முடியாது. எல்லோரும் உயிரோடு இருக்கிறோம்.

மார்ச் 9, திங்கள்

எழுதித் தொலைக்கிறேன்.

நேற்று நல்ல வெயில். மச்சினனுக்கு ஊரை மேலிருந்து காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். வாய் ஓயாமல் அளந்துகொண்டு வந்தேன். அதே நேரத்தில் நர்ஸம்மா தனியாகப் பறந்துகொண்டிருந்தார். ரேடியோவில் அவர் குரல்: “கடைசித் திருப்பம் முடிஞ்சு நேரா இறங்கிட்டு இருக்கேன். பின்னால வர்றவங்க, என்னைத் தெரியுதா?”

தேடினேன். கூரைகள் தெரிந்தன, ஒரு லாரி தெரிந்தது. அவர் தெரியவில்லை. “தெரியல” என்று சொல்ல வாயைத் திறந்தேன். மச்சினன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“தெரியுது, தெரியுது. நீங்க இறங்குங்க,” என்றேன்.

அவர் விமானத்துக்கு இறக்கை தலைக்கு மேலே, என்னுடையதற்குக் காலுக்குக் கீழே. அவருக்கு மேலே இருப்பது தெரியாது, எனக்குக் கீழே இருப்பது தெரியாது. இதைக் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறவனே நான்தான். ஊருக்குத்தான் உபதேசம். இந்நேரம் தரை தொட்டிருப்பார் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு இறங்கினேன்.

“மாமா, நமக்கு மட்டும் ஏன் ரெண்டு நிழல் ஓடுது?” என்றான் மச்சினன்.

அவன் பக்க ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். புல்வெளியில் இரண்டு நிழல்கள் ஓடின. ஒன்றின் மூக்கு மற்றதன் வாலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

முழு வேகம் கொடுத்து ஏற்றிவிட்டேன். இடையில் எவ்வளவு இருந்தது? ஒரு மாடி உயரம்? ஓர் ஆள் உயரம்? எனக்கு எப்படித் தெரியும், நான்தான் கடைசிவரை அவரைப் பார்க்கவே இல்லையே!

சாப்பாட்டு மேசையில் மச்சினன் கையை ஆட்டி ஆட்டி நடித்துக் காட்டினான். “மாமா சர்ருன்னு தூக்கினார் பாரு, அக்கா!” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

நேற்று எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதுதான் பெரிது.

நான் இறங்கி வந்ததும் நர்ஸம்மா ஓடி வந்தார். “தலைக்கு மேல அப்படி ஒரு சத்தம் சார். நீங்க என்னைப் பாத்துட்டுத்தானே இருந்தீங்க, அப்ப நான்தான் ஏதோ தப்பா குறுக்க வந்துட்டேன். மன்னிச்சுக்கங்க சார்.”

அங்கேயே சொல்லியிருக்கலாம். நான் சொன்னது: “பரவாயில்ல. அடுத்த முறை கவனமா இருங்க.”

சீ! நானெல்லாம் ஒரு மனுஷனா?

மார்ச் 15, ஞாயிறு

நர்ஸம்மா வரவில்லை. அலுவலகப் பெண் சொன்னாள்: “விட்டுட்டாங்களாம் சார். ‘எனக்கு இது சரிப்படாது, யாரையாவது கொன்னுடுவேன்’னாங்க. அழுத மாதிரி இருந்துச்சு.”

மார்ச் 17, செவ்வாய்

சனிக்கிழமை எல்லோரையும் கூட்டிப் பேச வேண்டுமாம், ஓடுதளத்துக்கு அருகில் விமானங்கள் மோதாமல் பறப்பது பற்றி. “பருந்து பேசினாத்தான் எடுபடும்,” என்கிறார் எங்கள் பறக்கும் கிளப்பின் செயலாளர். தலையாட்டிவிட்டு வந்தேன். மாடு மாதிரி.

மார்ச் 20, வெள்ளி

மருத்துவமனைக்குப் போனேன். வார்டு வாசலில் நர்ஸம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார். உடம்புக்கு என்ன என்று கேட்டார், பாவம்.

“அன்னைக்கு நான் உங்களைப் பாக்கவே இல்லம்மா. தெரியுதுன்னு சொன்னது பொய். உங்க மேல எந்தத் தப்பும் இல்ல.”

“ஏன் சார் பொய் சொன்னீங்க?”

“பேரு போயிடுமேன்னு.”

கழற்றிய கையுறையைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டார். “நாடி கிடைக்கலன்னா நாங்க கிடைக்கலன்னுதான் சார் சொல்லுவோம். கிடைச்சுதுன்னு சொல்லிட்டு அடுத்த கட்டிலுக்குப் போக மாட்டோம்.” குரல் உயரவே இல்லை. “அதைக்கூட விடுங்க. நான் மன்னிப்புக் கேட்டப்ப வாங்கி வெச்சுக்கிட்டீங்களே, அது எப்படி சார் முடிஞ்சுது?”

உள்ளே யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

மார்ச் 21, சனி

கூட்டத்தில் சொன்னேன். இரண்டு இறக்கைகளையும் படம் போட்டேன், கீழே இரண்டு நிழல்களையும் போட்டேன், நான் சொன்ன அந்த வார்த்தையையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. செயலாளர் சாக்பீஸை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ஒரு மாதம் யாருக்கும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்றார். நியாயம்தான்.

வீட்டில் இவளிடமும் சொன்னேன். “என்னங்க, என் தம்பி கூட இருந்தானே அதுல,” என்றாள்.

ஏப்ரல் 9, வியாழன்

நர்ஸம்மா திரும்பி வந்திருக்கிறாராம், வேறு ஆசிரியரிடம். கேட்டதும் அலுவலகத்தின் பின்பக்கம் போய் நின்று அழுதேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

தனியாகப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். வெயில். ரேடியோவில் அந்தக் குரல்: “கடைசித் திருப்பம் முடிஞ்சு நேரா இறங்கிட்டு இருக்கேன். பின்னால வர்றவங்க, என்னைத் தெரியுதா?”

தேடினேன். கூரைகள்தான்.

“தெரியல,” என்றேன். ஓடுதளத்தில் எல்லோருக்கும் கேட்டிருக்கும். “நான் ஏறி விலகிக்கிறேன். நீங்க இறங்குங்க.”

கொஞ்சம் கரகரப்பு. பிறகு, “சரி.”

மேலே ஒரு சுற்றுச் சுற்றினேன். “இறங்கிட்டேன். ஓடுதளம் காலி, நீங்க வரலாம்,” என்று அவர் சொன்ன பிறகே திரும்பினேன். புல்வெளிக்கு மேலே வந்ததும் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். ஒரு நிழல்தான் ஓடியது.