நான் பிரித்து வைத்த இழை

தம்பிக்கு,

நாலு வருஷமாகப் பேசாதவள் கடிதம் எழுதுகிறாளே என்று திகைக்காதே. ஃபோனில் பேசப் பயமாக இருக்கிறது.

நான் நடத்தும் இணையச் சங்கீத மன்றத்தில் அரசியல் கூடாது என்றேன். நீ கேட்கவில்லை. "அரங்கத்துக்குள்ள யாரை விடுறாங்க, யாரை விடலைங்கறதும் சங்கீத விஷயம்தான்க்கா" என்று எழுதினாய். ராகப் பேச்சு கெடக் கூடாதே என்று, அந்த மாதிரிப் பதிவுகளையெல்லாம் பெயரோடு, தேதியோடு ஒரே விவாத இழையில் சேர்த்து வைத்தேன். அழிக்க மனசு வரவில்லை.

இன்று காலை நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனைக்கு இரண்டு பேர் வந்தார்கள். இருவருக்கும் பல்வலி இல்லை; போலீஸ் அட்டையைக் காட்டினார்கள்.

"மத்ததெல்லாம் வேண்டாம்மா, அந்த ஒரு இழை போதும். எங்களுக்கு வேலையே வைக்காம அழகா பிரிச்சு வச்சிருக்கீங்க" என்றார் மூத்தவர். நான் சிரித்துத் தொலைத்தேன்.

உள்ளறைக் கம்ப்யூட்டரில் உன் பதிவுகளை மட்டும் அவசரமாக அழித்தேன். மீதியை அச்செடுத்துக் கொடுத்தேன். மீதியிலும் யாராவது ஒருத்தியின் தம்பி இருப்பான்.

பேருந்தில் வரும்போதுதான் உறைத்தது. அதே இழையில் உன்னைத் திட்டி நான் எழுதிய பதிலை அழிக்கவில்லை. திட்டுவதற்கு முன்னால் நீ எழுதியதை ஓரெழுத்து விடாமல், உன் பெயரோடு அதில் எடுத்துப் போட்டிருக்கிறேன்.

நீ வீட்டில் இல்லை. கதவடியில் இதைத் தள்ளிவிட்டுப் போகிறேன். படித்ததும் கிளம்பு. எங்கே போகிறாய் என்று எனக்குச் சொல்லாதே. அவர்கள் கேட்டால் சொல்லிவிடுவேன்.

அக்கா