தீவு இளவரசியின் கூந்தல்

என் கணவருக்கு,

நேற்று உங்கள் கவிதை அரங்கேற்றத்தில் ரோமாபுரியின் பெரிய மனிதர்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். காதலன் தீவில் விட்டுப்போன அந்தப் புராண இளவரசி உங்கள் வாயால் பேசினாள். பக்கத்தில் இருந்த பெட்ரோனியா என் விலாவில் இடித்தாள்: "பொம்பள மனசை எப்படிப் புட்டுப் புட்டு வைக்கிறாரு பாருடி உன் புருஷன்! குடுத்து வச்சவ நீ."

நானும் பூரித்துத்தான் போனேன், "நீ வராத நாளில் என் கூந்தல்கூட என் பேச்சைக் கேட்பதில்லை" என்ற வரி வரும்வரை.

அது நான் சொன்னதில்லை. ஆண்பிள்ளைக்குத் தோன்றுவதுமில்லை. யாரும் கேட்டிராத புதிய கவிதை என்றீர்கள். ஆனால் முன்வரிசையில் இருந்த உங்கள் நண்பரின் தங்கை ருஃபில்லாவின் உதடு, நீங்கள் வாசிப்பதற்கு முன்பே அந்த வரியைச் சொல்லி முடித்தது. அவள் கூந்தல் அப்படியொன்றும் அழகில்லை.

பதினோரு வருடத்தில் நான் பேசிய பேச்சில் ஒரு வரிகூடவா தேறவில்லை?

பிரேனஸ்தேயில் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன். என் குரலில் நீங்கள் ஏதும் எழுத வேண்டாம். எனக்கே எழுதத் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் கவிதையில் இல்லாதவள்