எட்டு விரல்காரன் எழுதிய அட்டை

மச்சான்,

கையுறை வந்த பெட்டியைக் கிழித்து நீ எழுதிக் கொடுத்த அட்டையை இன்று காலை தகரப் பெட்டியிலிருந்து எடுத்தேன். இத்தனை வருடமாகியும் ரப்பரும் கிரீசும் கலந்த அந்த வாசனை போகவில்லை. மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அட்டையைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டேன் என்று உன்னிடம் சொல்லத்தான் இந்தக் கடிதம். நானே படித்தேன். இதையும் நானேதான் எழுதுகிறேன். ஒரு பக்கம் முடிவதற்குள் ஒரு டீ ஆறிப்போகிறது. போகட்டும், இன்னொரு டீ போட்டுக்கொள்ளலாம்.

நீ இதை என் கையில் கொடுத்தது உத்திரமேரூர் பஸ் நிலையத்து டீக்கடையில். உடம்பு அப்போதே உனக்குத் தளர்ந்திருந்தது. வாய் மட்டும் தளரவில்லை.

"இன்னாடா இது, மருந்துச் சீட்டா?" என்றேன்.

"இங்கிலீசு. நாம கம்பெனில கேட்டதெல்லாம் எழுதிக் கீது. தமிழ் எழுத்துலதான். நீயே படி."

"எனக்கு எந்த எழுத்துடா தெரியும்? கைநாட்டு நானு."

"அதான் சொல்றேன், கத்துக்கினு படி. வேற எவன்கிட்டயாவது குடுத்துப் படிச்சன்னு தெரிஞ்சிது, எட்டு விரலால உதைப்பேன்."

இரண்டு காலுக்கும் சேர்த்து உனக்கு எட்டு விரல்தான் என்பது கடைக்காரருக்கும் தெரியும். அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அந்த எட்டைப் பற்றி நீ சொல்லும்போதெல்லாம் நான் மீதி இரண்டை எண்ணிக்கொள்வேன். அந்த இரண்டும் போனது என் குரலால்.

அந்த நாளை நாம் இருவரும் ஒருமுறைகூடப் பேசியதில்லை. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். ஓரகடம் பக்கம் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு கம்பெனிக்கு நம் ஊரிலிருந்து பன்னிரண்டு பேர் இயந்திரம் இறக்கப் போனோம். அடியில் இரும்புக் குழாய்களைப் போட்டு, கயிறு கட்டி, இயந்திரத்தைக் கொட்டகைக்குள் உருட்டிக்கொண்டு போக வேண்டும். பின்னால் கழன்று வரும் குழாயை எடுத்து முன்னால் வைப்பது உன் வேலை. கயிற்றின் தலைப்பில் நின்று குரலுக்குப் பதில் குரல் கொடுப்பது என் வேலை. மேஸ்திரி ஒரு வார்த்தை எடுத்து விடுவார். நான் அதை வாங்கி "ஐலசா" சேர்த்துத் திருப்பிக் கொடுப்பேன். என் ஐலசாவுக்கு எல்லோரும் இழுப்பார்கள். மேஸ்திரி எடுக்கும் வார்த்தைக்கு அர்த்தம் வேண்டியதில்லை. "மாமியா வூட்டு மோரு" என்பார், "தாலுகாபீசு" என்பார். குரல் வந்தால் இழுக்க வேண்டும், அவ்வளவுதான். என் அப்பா காலத்தில் கிணற்றில் தூர் வாரியபோதும் அப்படித்தான்.

அன்று வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் பக்கத்தில் நின்றிருந்தார். நீ குனிந்து குழாயை வைத்தாய். உன் கால் குழாய்க்கும் இயந்திரத்துக்கும் நடுவில் இருந்ததை அவர்தான் முதலில் பார்த்தார். கையைத் தூக்கி, "ஹோல்டான்! ஹோல்டான்!" என்று கத்தினார்.

துரை நமக்குக் குரல் எடுத்துக் கொடுக்கிறார் என்று நான் நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது, மச்சான். நெஞ்சை விரித்து, "ஹோல்டான் ஐலசா!" என்றேன். பன்னிரண்டு பேரில் உன்னைத் தவிர மற்ற எல்லோரும் இழுத்தோம்.

இயந்திரம் ஒரு சாண்தான் நகர்ந்தது.

ஆஸ்பத்திரியில் மேஸ்திரி என்னைப் பார்த்து, "நான் எடுக்காம ஏன்டா நீ குரல் குடுத்த?" என்று கேட்டார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீதான் கட்டிலில் படுத்துக்கொண்டே, "எங் கால நான்தானே எடுத்திருக்கணும், வுடுய்யா, பேஜார் பண்ணாத" என்றாய். அதோடு பேச்சு முடிந்தது. என்மேல் உனக்குக் கோபம் உண்டா என்று அன்றைக்கும் கேட்கவில்லை, அப்புறம் ஒன்றாகக் கஞ்சி குடித்த எத்தனையோ நாளிலும் கேட்கவில்லை. கேட்டால் நீ இல்லை என்றுதான் சொல்லியிருப்பாய். அதை நான் நம்பியிருக்க மாட்டேன்.

கால் ஆறும்வரை ஆறு மாதம் உன்னைக் கம்பெனி ஸ்டோரில் கையுறை கொடுக்க உட்கார வைத்தார்கள். எட்டாவது வரை படித்தவன் நீ. ஸ்டோர்காரரிடம் கேட்டுக் கேட்டு அந்த வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டாய். சாப்பாட்டு நேரத்தில் எங்களைக் கூட்டி வைத்து வகுப்பே எடுத்தாய்.

"வெள்ளக்காரன் வார்த்தைய ரெண்டு ரெண்டாத்தான் விடுவான். மொதல் வார்த்த மாடு. பின்னாடி வர்ற குட்டி வார்த்த மூக்கணாங்கயிறு. மாடு எம்மாம் பெருசா இருந்தாலும் கயிறு இழுத்த பக்கந்தான் திரும்பும். கெட்டுன்னு ஒரே மாடுதான். அப்புன்னு இழுத்தா எழுந்திரு. டவுன்னு இழுத்தா எறங்கு."

"அது இன்னாடா பாஷ, ஒரு வார்த்தைக்கு ரெண்டு சம்பளம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"நீ மட்டும் இன்னா? பாருன்ற, பாத்துக்கோன்ற, பாத்துக்கலாம் போடான்ற. மூணும் ஒண்ணா? அப்டித்தான் அவனுக்கும்."

அந்தக் கொட்டகையில் உனக்கு மேல் ஒரு வாத்தியார் வேண்டாம் என்கிற மாதிரி இருந்தாய். லாரி வந்தால் "கெட் டவுன்" என்போம். தொப்பி போட "புட் ஆன்". கழற்ற "டேக் ஆஃப்". எல்லாம் சொல்லிக் கொடுத்த நீ ஒன்றை மட்டும் வாயில் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

நீ போய்ச் சேர்ந்த பிறகு மானாம்பதிப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது என்றார்கள். ஏரி வேலைக்குப் போகும் பெண்களோடு நானும் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா என் சிலேட்டைப் பார்த்துவிட்டு, "இன்னா மாமா, இந்த வயசுல கலெக்டரு ஆவப் போறியா?" என்று கேட்டாள். "ஆமா, ஒன்ன டவாலியா வச்சிக்கறேன், வா" என்றேன். சொல்லிக் கொடுக்கும் பெண் கல்லூரியில் படிக்கிறவள். என் 'ழ'வைப் பார்த்து, "தாத்தா, இது பாம்பு மாதிரி இருக்கு" என்பாள். இப்போது பாம்பு அடங்கிவிட்டது. இந்தத் தாளைப் பார், எழுத்து கோட்டைத் தாண்டாமல் நிற்கிறது.

ஒவ்வொரு எழுத்தாகப் பிடிபடப் பிடிபட, வீட்டுக்கு வந்து அட்டையில் ஒரு வரி படிப்பேன். நீ அர்த்தம் எழுதி, பக்கத்தில் அதை வைத்து ஒரு பேச்சும் எழுதியிருந்தாய். எல்லாம் என்னைப் பற்றித்தான்!

"கெட் அப். எழுந்திரு. மச்சான், வெயில் மூஞ்சில அடிக்கிது, கெட் அப்."

"ரன் அவுட். தீந்துபோறது. காலைல இட்லி ரன் அவுட். அவன் லேட்டா வந்தான்."

"கிவ் அப். வுட்டுடறது. பீடிய கிவ் அப் பண்ணு. பண்ண மாட்ட, தெரியும்."

"லுக் ஆஃப்டர். பாத்துக்கறது. நான் இல்லன்னா இவன யாரு லுக் ஆஃப்டர் பண்ணுவா?"

பீடியை விட்டுவிட்டேன். நீ தோற்றாய். அதைச் சொல்ல எவ்வளவு நாள் காத்திருந்தேன் தெரியுமா?

கடைசி வரி மட்டும் திறக்கவில்லை. அதன் முதல் எழுத்து எனக்குத் தெரியாத எழுத்து. அந்தப் பெண்ணிடம் காட்டியிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பாள். உன் எட்டு விரலுக்குப் பயந்து காட்டவில்லை. ஸ, ஷ, ஜ, ஹ எல்லாம் வகுப்பில் கடைசியாகத்தான் வரும் என்றார்கள். காத்திருந்தேன். போன வாரம் அவள் கரும்பலகையில் 'ஹ' எழுதினாள். பார்த்ததும் அந்த வரி என்ன வார்த்தை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று அட்டையை எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. எழுத்துக்குப் பயப்படவில்லை, மச்சான். உனக்குப் பயந்தேன்.

இன்று காலை எடுத்தேன். விரல் வைத்துப் படித்தேன்.

"ஹோல்டான். கொஞ்சம் நில்லு. அன்னிக்கி நீ இழுத்தது தப்பு இல்லடா. பொறந்ததுலேந்து நம்மளக் கூப்ட்டவன் எல்லாம் இழுக்கத்தான் கூப்ட்டான். நில்லுன்னு கூப்ட ஆள் ஏது, நமக்குப் புரியறதுக்கு?"

மூன்று தரம் படித்தேன். சரியாகத்தான் படிக்கிறேனா என்று நான்காவது தரமும் படித்தேன்.

அந்தக் கையுறைப் பெட்டி உனக்குக் கிடைத்தது ஸ்டோரில் இருந்த ஆறு மாதத்தில் மட்டும்தான். அப்படியென்றால் காலில் கட்டு இருக்கும்போதே இதை எழுதிவிட்டாய். உன் கோபத்தை நான் இத்தனை வருடம் தேடிக்கொண்டிருந்தேன். அது அப்போதே இல்லை. ஏன் வாயால் சொல்லவில்லை என்று கேட்க மாட்டேன். வாயால் சொல்லியிருந்தால் ஆறுதலுக்குச் சொல்கிறாய் என்று தள்ளியிருப்பேன். எழுத்தைத் தள்ள முடியவில்லை. திரும்பிப் பார்த்தால் அதே இடத்தில் நிற்கிறது.

அட்டையின் அடியில் கொஞ்சம் இடம் இருந்தது. அதில் என் கையால் ஒரு பேச்சு எழுதியிருக்கிறேன். சற்று முன்னால் நடந்ததுதான். மருமகள் உள்ளேயிருந்து, "மாமா, சோறு ஆறிப்போது, வர்றியா இல்லியா?" என்று கூப்பிட்டாள். நான் எழுந்திருக்கவில்லை. பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமலே சொன்னேன்.

"ஹோல்டான்மா. இன்னும் ஒரு வரி கீது."

அவள் நின்றாள், மச்சான்.